காய்ச்சல் இல்லாத வீட்டில் ரொட்டி

"யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டார் கபீர் பாய்.

வெள்ளத்துரை கேட்டது ஒரு ரொட்டி. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில் பன் கேட்டால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். வர்க்கி கேட்டாலும் கேட்க மாட்டார்கள். ரொட்டி கேட்டால் மட்டும், யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஊர் வழக்கம் அப்படி. நாக்கு நன்றாக இருக்கிறவன் தோசை தின்பான். இட்லிகூட ஆகாது என்று டாக்டர் சொன்ன வீட்டுக்குத்தான் ரொட்டி போகும். அதைப் பாலில் நனைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார்கள்.

வெள்ளத்துரை, யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். ரொட்டியை எடுக்கப் போன கபீர் பாயின் கை பாதியில் நின்றது.

"யாருக்கும் இல்லன்னா ரொட்டி என்னத்துக்கு அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. அதற்கு உண்மையான பதிலும் வெள்ளத்துரையிடம் இருந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தாமே அடுப்படிக்குள் நுழைந்து, இனிப்பு ரொட்டி சுட்டு, பெண்டாட்டிக்குக் கொடுக்கப் போகிறார். ஆனால் தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க் ஒருவர், பின்னால் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, இதைச் சொல்ல முடியுமா? திங்கட்கிழமை பட்டா கேட்டு வருகிறவன்கூட சிரிப்பான்.

"வீட்டுல லேசா ஒடம்பு சரியில்ல" என்றார்.

கபீர் பாயின் முகமே மாறிவிட்டது. அலமாரியில் இருந்ததை விட்டுவிட்டு, உள்ளே போய் அன்றைக்குச் சுட்ட ரொட்டியாகப் பார்த்து எடுத்துவந்தார். தங்கச்சிக்காகத் துஆ செய்வதாகவும் சொன்னார். இல்லாத வியாதிக்குத் துஆ வாங்கிக்கொண்டு வெள்ளத்துரை நடந்தார்.

இதற்கெல்லாம் காரணம் எதிர் வீட்டுத் தங்கப்பழம்.

தங்கப்பழத்துக்கு வடக்கு ரத வீதியில் இரும்புக் கடை. தெருவில் முதன்முதலாக ஸ்கூட்டர் வாங்கியவர் அவர். பிரஷர் குக்கர் விசில் அடித்ததும் அவர் வீட்டில்தான். வெள்ளத்துரை ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தார். அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் அதெல்லாம் பொருள். இன்று இல்லாவிட்டாலும் என்றாவது தானும் வாங்கிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ரொட்டி விவகாரம் அப்படித் தேறுகிற விவகாரமாக இல்லை.

நாலு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, அவர் மனைவி அன்னக்கிளி எதிர் வீட்டிலிருந்து ஒரு தட்டை மூடி எடுத்துவந்தாள். உள்ளே பொன்னிறமாக, ஓரம் முறுகி, நெய் மினுங்க ஒரு ரொட்டித் துண்டு. அவர் எதிரே உட்கார்ந்து அவசரமே இல்லாமல் தின்றாள். தின்று முடித்துவிட்டுச் சொன்னாள்.

"தங்கப்பழம் அண்ணாச்சி சுட்டது. ஞாயித்துக்கிழமையானா அவுக வீட்டுக்காரி ஞானபூரணத்த அடுப்படிக்கே விடமாட்டாகளாம். நீ படுத்துக் கெடன்னு சொல்லிட்டு, அவுகளே சுட்டுத் தட்டுல கொண்டாந்து குடுப்பாகளாம்."

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். வெள்ளத்துரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அரைமணி நேரம், மழை நிலவரம் என்ற ஒரே பத்தியைப் படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு நெய்யும் ஏலக்காயும் கருகுகிற சர்க்கரையுமாக ஒரு வாசனை தெருவைக் கடந்து வந்தது. அதற்கடுத்த ஞாயிறு, அவர் கேட்காமலேயே அன்னக்கிளி செய்முறையைச் சொன்னாள். தட்டில் நெய் தடவி ரொட்டித் துண்டுகளை அடுக்க வேண்டுமாம். ஒரு உழக்குப் பாலில் ரெண்டு முட்டையும் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அடித்து மேலே ஊற்ற வேண்டுமாம். கீழேயும் தணல், மூடியின் மேலேயும் தணல். அரைமணி நேரத்தில் வெந்துவிடுமாம். நாலாவது ஞாயிறு அவள் எதுவுமே சொல்லவில்லை. எதிர் வீட்டு வாசலை ஒரு தடவை பார்த்தாள், புருஷனை ஒரு தடவை பார்த்தாள், தோசைக் கல்லை அடுப்பில் போடப் போய்விட்டாள். அந்தப் பார்வைதான் வெள்ளத்துரையைத் தூங்கவிடாமல் செய்தது.

தங்கப்பழத்திடமே விசாரித்திருக்கலாம். ஒன்பது வருஷமாக எதிரும் புதிருமாகக் குடியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் மழையைப் பற்றியும் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தைப் பற்றியும்தான். ரொட்டியைப் பற்றிக் கேட்டால் தோற்றுவிட்டதாக அர்த்தம். அதற்கு வெள்ளத்துரை தயாராக இல்லை.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. எதிர் வீட்டில் சுடுவதைவிட உங்களது நன்றாக இருக்கிறது என்று அன்னக்கிளி வாயால் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், இன்னாரைவிட நீங்கள் மேல் என்று அவள் எதிலும் சொன்னதில்லை. இதிலாவது சொல்ல வைத்துவிட வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டார்.

வீடு திரும்புகிற வழியில் ஆபீஸ் பியூன் மூக்காண்டி எதிர்ப்பட்டான். அவன் கண் நேராக ரொட்டிக்குப் போயிற்று. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டான். ஆளைச் சீக்கிரம் கழற்றிவிட்டால் போதும் என்று, ரெண்டு நாளாக என்றார் வெள்ளத்துரை.

"ரெண்டு நாளா எறங்கலன்னா டைபாய்டா இருக்கும் சார்" என்றான் மூக்காண்டி.

இருக்கலாம் என்று சொல்லிவிட்டு வெள்ளத்துரை வேகமாக நடந்தார். மூக்காண்டியின் வீடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி. ராயகிரி பஸ் கண்டக்டர் அவனுக்குச் சிநேகிதன். அன்னக்கிளிக்குப் பிறந்த ஊர் ராயகிரி. இந்த மூன்றையும் சேர்த்து யோசிக்கிற நிலையில் வெள்ளத்துரை இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அன்னக்கிளி எழுந்திருக்கப் பார்த்தாள். வெள்ளத்துரை தடுத்தார்.

"நீ எந்திரிக்காத. போத்திட்டுப் படு. நான் சொல்லுத வரைக்கும் கட்டில விட்டு எறங்கக் கூடாது."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டாள். போர்வைக்குள் தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வெள்ளத்துரை அடுப்படிக்குப் போனார்.

பன்னிரண்டு வருஷமாகத் தன் வீட்டில் இருக்கிற அடுப்படி, தனக்குத் துளியும் தெரியாத இடம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தாலுகாவில் எந்த சர்வே நம்பர் எந்தப் பைல் கட்டுக்குள் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. திறந்த முதல் டப்பாவில் உப்பு. ரெண்டாவதில் அரிசிமாவு. ஏழாவதில் சர்க்கரை கிடைத்தபோது பாதி மேடை டப்பாவாக இருந்தது. முட்டையை உடைத்ததில் ஒன்று பாலுக்குள்ளும் ஒன்று வேட்டியிலும் போயிற்று. இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருந்த சிரட்டைக் கரியை அடுப்பில் போட்டு ஊத ஆரம்பித்தார். தீ வரவில்லை. புகை வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய வழிய ஊதினார்.

புறவாசல் வழியாகப் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் வந்தாள். கையில் ஒரு செம்பு நிறைய சுக்குக் கஷாயம். மூக்காண்டி பெண்டாட்டி தண்ணீர்க் குழாயடியில் சொன்னாளாம். வாசற்படியில் நின்ற ஆறுமுகத்தாய் பார்த்தது இதுதான்: அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து ஒரு ஆம்பிளை கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஒன்னுமில்லக்கா. புகை" என்றார் வெள்ளத்துரை.

"அழாதீக தம்பி. அம்மன் இருக்கா" என்றாள் ஆறுமுகத்தாய்.

அவள் நேரே கட்டிலுக்குப் போனாள். போர்வைக்குள்ளிருந்து அன்னக்கிளி உண்மையைத்தான் சொன்னாள். தனக்கு ஒன்றும் இல்லை, எழுந்திருக்கக் கூடாது என்று அவர்தான் சொல்லிவிட்டார் என்றாள். ஆறுமுகத்தாய்க்கு விஷயம் பட்டென்று விளங்கிவிட்டது. டாக்டர் இவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார், இவர் அதைப் பெண்டாட்டியிடம் மறைத்துவைத்திருக்கிறார். திரும்பி வந்து அடுப்படியில் நின்று, தாழ்ந்த குரலில், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

வெள்ளத்துரைக்குத் தணலைப் பற்றித்தான் கவலை. அப்போதுதான் நாலு கரித்துண்டு சிவந்திருந்தது. இவளை வெளியே அனுப்பினால்தான் தட்டை ஏற்ற முடியும். அவள் தூங்கட்டும், யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம், நீங்கள் போங்கள் என்றார். ஆறுமுகத்தாய் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு போனாள்.

கால்மணி நேரத்தில் கூடத்தில் ஏழு பெண்கள் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு ரொட்டி கொண்டுவந்திருந்தார்கள். கபீர் பாய் கடையில் அன்று காலை ரொட்டி வாங்கிய யாரிடமும், யாருக்குக் காய்ச்சல் என்று அவர் கேட்கவில்லையாம். ஒருத்தி அம்மன் கோவிலுக்கு ஓடிப்போய்ப் பிரசாதப் புற்றுமண் வாங்கிவந்து அன்னக்கிளி நெற்றியில் அப்பினாள். அன்னக்கிளி எழுந்திருக்காமல் நெற்றியைக் காட்டினாள். புருஷன் சொல்லைத் தட்டாதவள் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள்.

இது மிஞ்சிப் போகிறது என்று வெள்ளத்துரைக்குத் தெரிந்தது. தட்டைத் தணலில் வைத்து, மூடியின் மேலும் தணலைக் கொட்டிவிட்டு, எல்லோரையும் அனுப்பிவைக்கக் கூடத்துக்கு வந்தார். கையெல்லாம் கரி. கண் சிவந்திருந்தது. ஊதி ஊதித் தொண்டை கட்டியிருந்தது. அந்தக் குரலில், "அவளுக்கு ஒன்னுமே இல்ல. நல்லாத்தான் இருக்கா. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

ரெண்டு பேர் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அன்னக்கிளியின் அண்ணன் பெத்துராஜ் உள்ளே வந்தார். ராயகிரியிலிருந்து முதல் பஸ். அவர் கையிலும் ஒரு ரொட்டி. வந்த வேகத்தில் வெள்ளத்துரையின் ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"என்ட்ட ஏன் மாப்ள மறச்சீரு?"

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று வெள்ளத்துரை சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டாராம். வண்டி வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறதாம். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டுமாம். பஸ்ஸில் வரும்போதே கோமதியம்மனுக்கு மொட்டையும் நேர்ந்துவிட்டாராம்.

"உங்களுக்குத்தான் தலைல முடியே இல்லயே மச்சான்" என்றார் வெள்ளத்துரை.

"அதான் உம்ம தலைய நேந்துருக்கேன்."

வெள்ளத்துரை தலையைத் தடவிக்கொண்டார். இதற்கு மேல் மானத்தைப் பார்த்தால் தலையோடு போகாது என்று தோன்றியது. எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டார். யாருக்கும் காய்ச்சல் இல்லை. பெண்டாட்டிக்குத் தன் கையால் இனிப்பு ரொட்டி சுட்டுக் கொடுக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

பெத்துராஜ் அடுப்படியை எட்டிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். பானையிலிருந்து தண்ணீரைக்கூடத் தானாக மோந்து குடிக்காத மாப்பிள்ளை. ஆறுமுகத்தாய் யாருக்கும் கேட்காது என்று நினைத்துச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"கடைசி ஆசையா கேட்டிருப்பா போலுக்கு."

பெத்துராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் கருகல் வாசனை வந்தது. வெள்ளத்துரை அடுப்படிக்கு ஓடினார். இடுக்கியால் மூடியைத் தூக்கினார். ஓரமெல்லாம் கறுப்பு. ஆனால் நடுவில், பொன்னிறமாக, லேசாக உப்பி, நெய் கொப்பளிக்க, அசல் ரொட்டி. எதிர் வீட்டு வாசனை அவர் வீட்டிலேயே எழும்பிற்று. கருகினதைக் கத்தியால் சீவித் தள்ளிவிட்டு, நல்ல துண்டாக ஒன்றைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார். கூட்டம் வழிவிட்டது. சிலர் கும்பிட்டார்கள்.

அன்னக்கிளி எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியில் புற்றுமண் காய்ந்து உதிர்ந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டாள். மென்றாள். அவள் கண் கலங்கிற்று.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க."

அதுவா அவருக்கு வேண்டியது? நாலு வாரத்து வயிற்றெரிச்சலும், புகையும், போகப் போகிற தலைமயிரும் ஒரு நல்லாருக்குங்கவில் அடங்கிவிடுமா? கூட்டம் நிற்பதையே மறந்து கேட்டார்.

"எதிர் வீட்டுல சுடுததவிட நல்லாருக்கா?"

துக்கத்தில் மாப்பிள்ளைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பெத்துராஜ் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். அன்னக்கிளி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாசலில் ஞானபூரணம் வந்து நின்றாள். வேதக் கோவிலுக்குப் போகிற வெள்ளைச் சேலை, கையில் வேதப் புத்தகம். அவளுக்குப் பின்னால் சாத்துக்குடிப் பையுடன் தங்கப்பழம். அன்னக்கிளி ஞானபூரணத்தைப் பார்த்தாள். திறந்த வாயில் இன்னொரு துண்டு ரொட்டியைப் போட்டு மூடிக்கொண்டாள். ஞானபூரணம் நிலைக்கதவின் சித்திர வேலையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள்.

பிறகு அன்னக்கிளி தானாகவே கட்டிலை விட்டு இறங்கினாள். போர்வையை மடித்துவைத்தாள். அடுப்படிக்குப் போய் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். நடையைப் பார்த்த பிறகுதான் ஊர் நம்பியது. நம்பியதும் கொஞ்சம் கோபப்பட்டது. ஆறுமுகத்தாய் கஷாயத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். பெத்துராஜ் ரெண்டு துண்டு ரொட்டி தின்று, வாடகைக் காரைத் திருப்பி அனுப்பினார். மொட்டையை மட்டும் திருப்ப முடியாது, நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று சொல்லிவிட்டார்.

தங்கப்பழம் மட்டும் அடுப்படி வாசலிலேயே நின்றார். தட்டைப் பார்த்தார். தணலைப் பார்த்தார். திறந்து கிடந்த டப்பாக்களைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிக் கறுத்தது. அந்த முகத்தை வெள்ளத்துரைக்கு நன்றாகத் தெரியும். நாலு ஞாயிறாகச் சவரக் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கலப்படமில்லாத பொறாமை.

வெள்ளத்துரையின் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. பெண்டாட்டி வாயால் வராத வார்த்தை எதிராளியின் முகத்திலேயே எழுதியிருக்கிறது. ஸ்கூட்டருக்கும் குக்கருக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்ந்தது. இனிமேல் பெருந்தன்மையாக நடந்துகொள்வதில் நஷ்டம் இல்லை. ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினார்.

"சும்மா எடுத்துக்கிடும் வே. உம்ம கைப்பக்குவம் நமக்கு வராது. ஏதோ நம்மால முடிஞ்சது."

தங்கப்பழம் தட்டை வாங்கவில்லை. வெள்ளத்துரையின் கையைப் பிடித்துப் புறவாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று, யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"என் கைப்பக்குவமா? நான் இன்னைக்கு வரைக்கும் அடுப்பப் பத்தவச்சதே இல்லவே. ஞாயித்துக்கிழமையானா பொண்டாட்டிய எந்திரிக்க விடாம நீரு ரொட்டி சுட்டுக் குடுக்கீருன்னு எங்க வீட்டுல ஒரு மாசமா என் உசிர எடுக்கா, நான் அது பொய்யின்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."